வான்யானைக்கு எத்தனை பொன்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். காட்டு யானைக்கு அது பொருந்தும். வானத்து யானைக்குப் பொருந்துமா? நானூறு ஐந்நூறு பேரை ஒருசேரச் சுமந்து கடல் கடந்த மாபெரும் விமானங்கள் ஓய்வு பெற்றபின் அவற்றின் மதிப்பென்ன? அவற்றை வாங்குவார் யார்? வாங்கியபின் செய்வதுதான் என்ன?

"விமானத்தில் ஏறவே வழியில்லாத மாணவனுக்கு விமானம் விற்கும் கவலை ஏன்?" என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் 2023-ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை அறிவித்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இன்று புதிதாய் வருவதெல்லாம் இருபது முப்பது ஆண்டுகளில் கிழமாகும். அன்று அவற்றைப் பிரித்துப் பொன்னாக்கும் கை எந்நாட்டுக் கை? நமது கையா, அயலான் கையா?

இதுவரை நடந்ததைப் பார்ப்போம். 1971-இல் ஏர் இந்தியாவின் முதல் 747 விமானம் 'அசோகச் சக்கரவர்த்தி' என்னும் பெயருடன் வந்தது. சாளரந்தோறும் இராசபுத்திர அரண்மனை மாடம் தீட்டிய அவ்வகை விமானங்களை நாடே அண்ணாந்து பார்த்தது. அரை நூற்றாண்டு ஓடியது. 2024 ஏப்ரல் 22-இல், 'ஆக்ரா' என்னும் கடைசி 747 மும்பையிலிருந்து கிளம்பி, சிறகசைத்து விடைபெற்று, அமெரிக்காவுக்குப் பறந்தது. எஞ்சியிருந்த நான்கு 747-களையும் வாங்கியது ஓர் அமெரிக்க நிறுவனம். பழைய விமானத்தைச் சரக்கு விமானமாக்குவது, இயலாவிடில் உறுப்பு உறுப்பாகப் பிரித்து விற்பது, இதுவே அந்நிறுவனத்தின் தொழில். யானை நம்முடையது, தந்தம் எடுக்கும் கலையோ அவர்களுடையது!

747 கிழமானாலும் விலைபோவது ஏன்? அது பிறக்கும்போதே அதன் முதுமையை எண்ணிப் பார்த்தார்கள். அறுபதுகளில் அதை வரைந்த பொறியாளர்கள், ஒலியை விஞ்சும் விமானங்கள் வந்து பயணிகளைக் கவர்ந்துகொள்ளும், அப்போது இது சரக்கு ஏற்றிப் பிழைக்க வேண்டும் என்று கருதினர். ஆகவே விமானி அறையை மேலே ஏற்றி வைத்தனர். மூக்கைத் திறந்து நீண்ட சரக்கை உள்ளே தள்ள வழி செய்தனர். பயணிகளுக்கென்று பிறந்த விமானத்துக்கும் பக்கவாட்டில் பெருங்கதவு வெட்டிச் சரக்கு விமானமாக மாற்ற முடிகிறது. 1,574 விமானங்கள் கட்டி, 2023 சனவரியில் கடைசியாக விற்றதும் சரக்கு விமானமே.

இனி அதனினும் பெரிய ஏர்பஸ் ஏ-380-ஐப் பாருங்கள். இரண்டு முழு அடுக்குகள். ஏறத்தாழ 80 மீட்டர் சிறகு. 2007-இல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு முதற் பயணம் சென்றபோது உலகமே வியந்தது. பத்தாண்டுக் குத்தகை முடிந்து திரும்பிய முதல் விமானங்களில் இரண்டைப் பறக்கவைக்க எவரும் முன்வரவில்லை. பிரான்சு நாட்டின் தார்பு நகரில் பிரித்துப் போட்டனர். நான்கு எஞ்சின் குடிக்கும் எண்ணெய்க்கு ஈடுகொடுக்க இருக்கைகள் நிரம்ப வேண்டும். அதை நிறுத்தத் தனி இடம் வேண்டும். சரக்கு ஏற்றலாமென்றால், நடுத்தளமும் மேல்தளமும் பயணிகளுக்காகவே அமைந்தவை. சரக்கு வகையைக் கட்டும் திட்டமும் முன்பே கைவிடப்பட்டது. மொத்தம் 251 விமானங்களோடு 2021-இல் அவ்வினம் முடிந்தது. பின்னர், புது விமானங்கள் வரத் தாமதமானதால், தூங்கிக் கிடந்த சில மீண்டும் பறக்கின்றன. பிரித்த விமானங்களின் உறுப்புகள் அவற்றுக்கு உதவுகின்றன. ஆயினும் இது தற்செயலாய் வந்த வாழ்வு, திட்டமிட்ட வாழ்வன்று.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இந்தப் பாடம் புதியதன்று. யூதர் தெருக் கடைகளில், பிரித்தெடுத்த பழைய தறவாட்டு வீடுகளின் தூணும் கதவும் விலைக்கு நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். வீட்டை முழுதாய் வாங்குவார் இல்லை. தூணை வாங்குவார் பலர். தச்சன் மரத்தோடு மரம் கோத்து எழுப்பிய வீடு ஆதலால், உடையாமல் பிரிகிறது. ஏ-380-இன் மேலுடலிலோ, அலுமினியத் தகடும் கண்ணாடி இழையும் அடுக்கடுக்காய் ஒட்டிய கலவைப் பொருள் பெரும்பகுதி. ஒட்டியதைப் பிரிப்பது அரிது. பிரிக்க முடியாததை மறுபடி உருக்குவதும் அரிது. விஞ்ஞான மாணவர்களுக்கு இங்கே எத்தனை ஆண்டு ஆராய்ச்சி காத்துக் கிடக்கிறது!

பெரிய பொருளுக்கு இரண்டாம் வாழ்வு தர நம்மால் ஆகாது என்பாரும் உளர். அவர்களுக்கு நம் கொச்சிக் கப்பல் தளமே விடை. 1959-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த 'ஹெர்மிஸ்' கப்பலை நாம் பழையதாய் வாங்கி, 1987-இல் 'விராட்' என்று பெயரிட்டோம். 2017 வரை முப்பதாண்டு அது உழைத்தது. பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் நீண்டநாள் வாழ்ந்த கப்பல் அது! அதைப் பலமுறை செப்பனிட்டு நிறுத்தியவை இந்தக் கொச்சித் தளத்துக் கைகள். இறுதியாகப் பிரிக்கவும் குசராத்தின் அலங்கு இருந்தது. பேணும் கையும் பிரிக்கும் கையும் நாட்டிலேயே இருந்ததனால் பயனும் நாட்டிலேயே தங்கிற்று.

விமானத்தில் மட்டும் நாம் என்ன செய்கிறோம்? ஓடு மிஞ்சினால் உணவகம் வைக்கிறோம்! 2022 நவம்பரில், கேரளத்திலிருந்து ஐதராபாத்துக்கு உணவகமாகச் சென்ற விமான உடல் ஒன்று ஆந்திரத்துச் சாலையில் பாலத்தடியில் சிக்கிக்கொண்டது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. உணவகம் தவறென்று நான் சொல்லவில்லை. சுவீடனில் ஒரு 747 விடுதியாகவே 2009-இல் திறக்கப்பட்டது. ஆனால் ஓட்டில் இருப்பது வேடிக்கை. எஞ்சினிலும் சக்கரத் தொகுதியிலும் கருவிகளிலும் இருப்பதே பொருள்.

அந்தப் பொருளுக்கும் உயிர் எது தெரியுமா? காகிதம்! எஞ்சினுக்குள் சுழலும் தட்டு ஒன்று இத்தனை முறை பறந்ததும் கழிக்கப்பட வேண்டும் என்று விதி உண்டு. அது பிறந்த நாள்முதல் எத்தனை முறை பறந்தது, யார் கழற்றினார், யார் பூட்டினார் என்ற பதிவு முழுமையாக இருந்தால் அது செல்வம். ஏடு ஒன்று தொலைந்தாலும் வெறும் இரும்பு. ஆதலின் இத்தொழிலுக்கு வேண்டியது சம்மட்டி அன்று. ஒழுங்கு, பொறுமை, பொய்யாத பதிவு. ஆய்வுக்கூடத்தில் நாம் நாளும் பழகுவது இவற்றையே அல்லவா?

திருவனந்தபுரத்திலும் நாகபுரியிலும் விமானம் பழுதுபார்க்கும் கூடங்கள் உள்ளன. பேணத் தெரிந்த கைக்குப் பிரிக்கவும் கற்றுத் தர முடியும். பொறியியல் துறைகளும் வேதியியல் துறைகளும் இதைப் பாடமாக்க வேண்டும். ஆய்வுப் பொருளாக்க வேண்டும். பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்த தமிழ் மாணவர்கள் நாம். தொழில் இருக்கும் இடத்துக்கு ஆட்கள் நடப்பார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தொழில் இங்கேயே வேர்விட்டால், நமக்குப் பின் வருவோர் நடக்கும் தூரம் குறையும்.

இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழி பொய்யன்று. ஆனால் அந்தப் பொன் யானை வளர்த்தவனைச் சேர்வதில்லை. தந்தம் எடுக்கத் தெரிந்தவனையே சேர்கிறது. தோழர்களே, தெரிந்துகொள்வோம்.