போகிற வழியில் ஒரு கண்ணாடி



மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தபோது, அவரை ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் நிழல்போல் தொடர்ந்தனர். ஊரோ பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நேரடியாகக் கைது செய்ய வழியில்லை. ஆதலால் அவருக்கு வரும் கடிதங்களிலும் மணியார்டர்களிலும் கை வைத்தனர். வர வேண்டிய கடிதம் வராவிட்டால், வழியில் யாரோ மறித்துவிட்டார்கள் என்றாவது ஊகிக்கலாம். இன்றைய கம்ப்யூட்டர் இணைப்பில் அந்த ஊகத்துக்கும் இடமில்லை. செய்தி உரிய நேரத்தில் உரியவரைச் சேரும்; அதன் நகல் ஒன்று வேறிடத்துக்கும் போகும். அனுப்பியவரும் அறியார், பெற்றவரும் அறியார். இந்த ஏற்பாட்டுக்குப் 'போர்ட் மிரரிங்' என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நல்ல காரியத்துக்காக அமைக்கப்பட்டதே இது.

புதுச்சேரி முல்லா வீதியில் ஹஜ், உம்ரா பயண அலுவலகம் ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு கம்ப்யூட்டர்கள். அவற்றின் கம்பிகள் யாவும் சுவரோரம் விளக்குகள் மினுக்கும் 'சுவிட்ச்' என்னும் சிறு பெட்டியில் வந்து கூடுகின்றன. கம்பி செருகும் ஒவ்வொரு வாயும் ஒரு 'போர்ட்'. முன்னாளில் இருந்த 'ஹப்' என்னும் பெட்டி, தன்னிடம் வந்ததை எல்லாக் கம்பிகளிலும் பரப்பிவிடும். சுவிட்ச் அப்படியன்று. எந்தக் கம்ப்யூட்டர் எந்த வாயில் இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு, அவரவர்க்குரியதை அவரவரிடமே சேர்க்கும்.

நன்றுதான். ஆனால் ஒரு நாள் இரவு, அலுவலகத்தில் எவரும் இல்லாத நேரத்தில், அவ்விளக்குகள் ஓயாமல் மினுக்குகின்றன. ஏதோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பயணிகளின் பாஸ்போர்ட் நகல்கள் அனைத்தும் அங்கேதான் உள்ளன. நான்கில் எது அனுப்புகிறது? இதைக் காணவே அந்தக் கண்ணாடி.

செருகியவுடன் வேலை செய்யும் மலிவான சுவிட்சுகளில் இவ்வசதி இராது. 'மேனேஜ்டு', 'ஸ்மார்ட்' எனும் வகைகளில் பெரும்பாலும் உண்டு. அதன் அமைப்புப் பக்கத்தில் 'மிரர்' என்ற பகுதியைத் திறந்து, எந்தப் போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் குறிக்க வேண்டும். ரௌட்டருக்குச் செல்லும் கம்பியின் போர்ட்டைக் குறிப்பதே சிறந்தது. வெளியே போவன அனைத்தும் அவ்வழியாகத்தானே போக வேண்டும்! பிறகு, நகல் வந்து சேர வேண்டிய போர்ட்டைக் குறித்து, அதில் கண்காணிக்கும் கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தார் இதனை 'ஸ்பான்' என்பர். இரண்டே வரிக் கட்டளையில் முடிந்துவிடும். நகலைப் படிக்க 'வயர்ஷார்க்' என்னும் இலவச மென்பொருள் உண்டு. 1998இல் 'ஈதரியல்' என்ற பெயரில் வெளிவந்து, 2006இல் இப்பெயர் பெற்றது. எந்தக் கம்ப்யூட்டர், எந்த முகவரிக்கு, எப்போது, எவ்வளவு அனுப்பியது என்பதெல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும்.

இங்கேதான் உரிமையாளர் நிதானிக்க வேண்டும். மூன்றாவது மேசைக் கம்ப்யூட்டர் அனுப்பியது என்று தெரிந்தால், மூன்றாவது மேசைத் தம்பி அனுப்பினார் என்று பொருளாகாது. வைரஸ் புகுந்த இயந்திரம் தானாகவே அனுப்பும். ஒருவருடைய பிழைப்பைப் பறிக்க இந்த ஒரு சான்று போதாது. கண்ணாடியும் முழுமையானதன்று. ஒரு கிகாபிட் வேகமுள்ள போர்ட்டில் போக்கும் வரவும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு கிகாபிட் ஆகலாம். நகல் போகும் போர்ட்டோ ஒன்றைத்தான் தாங்கும். மிஞ்சியது சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

இன்னொன்று. இன்று பெரும்பாலான இணையதளங்கள் மறைகுறியீட்டில் இயங்குவதால் செய்தியின் உள்ளடக்கம் தெரியாது. ஆயினும், எந்தத் தளத்துக்குப் போனார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊழியர் ஒருவர் உணவு இடைவேளையில் ஒரு மருத்துவமனையின் பக்கத்தையோ, கடன் வழங்கும் நிறுவனத்தின் பக்கத்தையோ பார்த்திருப்பார். அவர் மனைவியிடமும் சொல்லாதது முதலாளிக்குத் தெரிந்துவிடும்! பிறரைத் துருவி ஆராய்வதைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருப்பதை நம் இல்லத்தார் அறிவர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அது அரசின் அதிகாரத்தைப் பற்றி எழுந்த வழக்கு என்றாலும், நான்கு மேசை கொண்ட அலுவலகத்துக்கும் அதில் செய்தி உண்டு.

ஆகவே, கண்ணாடியை வைப்பதற்கு முன்பே ஊழியர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சந்தேகப்பட்ட இரவு நேரத்துக்கு மட்டும் அதனை இயக்குங்கள், பகலில் வேண்டாம். காரணம் தெரிந்ததும் பதிவான கோப்பினை அழித்துவிடுங்கள். சுவிட்சுடன் வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றுங்கள். இல்லையேல் உங்கள் கண்ணாடியில் வேறொருவர் முகம் பார்ப்பார். முடிவில் மிரர் அமைப்பை நீக்கிவிட்டு, மறவாமல் 'சேவ்' செய்யுங்கள். சில சுவிட்சுகளில் அவ்வாறு செய்யாவிட்டால், ஒருமுறை மின்சாரம் போய் வந்ததும், நீக்கிய கண்ணாடி பழைய இடத்திலேயே மறுபடி வந்து நிற்கும்.