மூச்சைக் காக்கும் சிறுநீரகச் சிகிச்சை

மழைக்காலம் வந்தால் மும்பைக்கு டெங்குவும் எலிக்காய்ச்சலும் கூடவே வருகின்றன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நெருக்கமாகக் குடியிருக்கும் நம் மக்களுக்கு இது புதிதல்ல. இந்த நோய்கள் முற்றிய குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பிறகு, "மூச்சுத் திணறல் குறைய டயாலிசிஸ் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்னால் பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள்.

சம்பந்தம் உண்டு. அது உடம்பில் தேங்கும் நீர்.

டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. உயிரைக் காக்க சலைன் ஏற்றியே ஆகவேண்டும். ஓரிரு நாளில் கசிவு நின்று, கசிந்த நீர் மீண்டும் ரத்தத்தில் சேருகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை வெளியேற்றிவிடும். சோர்ந்திருந்தால் நீர் உடம்பிலேயே தங்கி, நுரையீரலில் கோத்துக்கொள்கிறது. பிறகு வென்டிலேட்டர் வைத்தாலும் பிராணவாயு ரத்தத்தில் சரியாகக் கலப்பதில்லை. எலிக்காய்ச்சலோ சிறுநீரகம், நுரையீரல் இரண்டையுமே தாக்கக்கூடியது.

10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஒரு லிட்டர் நீர் கூடுதலாகத் தேங்கினால், அது எடையில் 10 சதவீதம். அதுவே எச்சரிக்கை மணி. 20 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து பெருகுகிறது. ஆகவே, எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு சிறுநீர் போயிற்று என்று மணிக்கு மணி கணக்கு எழுதுவது வெறும் சம்பிரதாயம் அல்ல. அதுவும் சிகிச்சைதான்.

மருந்து கொடுத்தும் சிறுநீர் பிரியாவிட்டால் தேங்கிய நீரை வேறு வழியில் எடுக்கவேண்டும். ரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்தி, 24 மணி நேரமும் சிறுகச் சிறுக நீரைப் பிரிப்பது ஒரு முறை. வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வடிப்பது மற்றொரு முறை. இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை; செலவும் குறைவு. ஆனால், வயிற்றில் திரவம் அதிகமானால் அது உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சை நெருக்கும். பழகிய நர்சு பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

டயாலிசிஸ் என்றாலே ஆயுள் முழுவதும் என்று அஞ்ச வேண்டாம். இத்தகைய திடீர் நோயிலிருந்து பிழைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை என்பதும் உண்மை. தேவைப்படும் குழந்தைக்குத் தாமதம் கூடாது என்பதே முக்கியம்.

ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2016-ல் தொடங்கியது. வரவேற்கத்தக்க திட்டம். ஆனால், அது பெரும்பாலும் வாரம் சில முறை வந்து போகும் நாள்பட்ட நோயாளிகளுக்கானது. வென்டிலேட்டரில் கிடக்கும் குழந்தையை டயாலிசிஸ் நிலையத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. சிகிச்சைதான் அதன் படுக்கைக்கு வரவேண்டும். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரியிலும் சிறு உடம்புக்கேற்ற குழாய்களும், பயிற்சி பெற்ற நர்சுகளும் இரவு பகலாக இருக்கவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் கண்ட குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, இ.எஸ்.ஐ. அட்டை, ஆயுஷ்மான் அட்டை ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஊரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை, இங்கும் அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும். தனியார் ஆஸ்பத்திரியில் கைப்பணமெல்லாம் கரைந்த பிறகு, கடைசி நேரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வேண்டாம்.

கூலி வேலை செய்பவரின் குழந்தைக்கும் மூச்சு ஒன்றுதான். அடுத்த மழைக்கு முன் அரசும் மாநகராட்சியும் ஆவன செய்யவேண்டும்.