எத்தனை வருஷம் மருந்தடித்தீர்கள்?

2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாரகுவாட் களைக்கொல்லிக்கு முழுத்தடை. 2002இலேயே ஒரு தடை அறிவிக்கப்பட்டு, தோட்டத் தொழில்துறையினரின் வற்புறுத்தலுக்குப் பின் 2006இல் விலக்கப்பட்டது நினைவிருக்கும். பேராக்கின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து லாலாங் புல்லுக்கு மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்களுடைய உடல் உபாதைகளை தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாகவே வெளியிட்டது. நச்சியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: மூளை என்ன ஆயிற்று?

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1982இல் கலிபோர்னியாவில் கலப்பட போதைமருந்து ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்து போனார்கள். அந்த மருந்திலிருந்த எம்பிடிபி என்ற மாசு உடலுக்குள் மாறி உருவாகும் பொருளின் மூலக்கூறு, பாரகுவாட்டின் வடிவத்தை மிக நெருக்கமாக ஒத்திருக்கிறது. இதைவிட நமக்கு நெருங்கியது தூபா வேர். ஆற்றில் மீனை மயக்கப் பயன்பட்ட அந்த வேரின் விஷமான ரோட்டினோனைத்தான், நரம்புச் செல்களில் பார்க்கின்சன் பாதிப்பை உண்டாக்கிப் பார்க்க உலகெங்கும் ஆய்வகங்கள் இன்று வாங்குகின்றன.

ஆனால் ஆய்வகக் கிண்ணத்தில் செல் செத்ததைக் கொண்டு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிட முடியாது. பெரிதும் பயன்படும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்கள் 1970இல் ஒரு சிறுமியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்களின் வழிவந்தவை, ஓயாமல் பெருகுபவை. மூளையின் நரம்புச் செல்லோ பெருகாது. தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி நரம்புச் செல்லாக்கும் புதிய முறை பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் எழுபது வயதுக்காரரிடமிருந்து எடுத்த செல் அந்த மாற்றத்தில் முதுமையின் தடயங்களைப் பெருமளவு இழந்து, பிஞ்சுச் செல்லாகிவிடுகிறது. கிண்ணத்தில் கல்லீரல் இல்லை, வியர்த்த தோல் இல்லை. சில நாள் பெரிய அளவில் கொடுத்த நஞ்சு, இருபது வருஷம் சிறுகச் சிறுக ஏறியதற்கு ஈடாகுமா?

மனிதரிடம் செய்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க விவசாயிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பாரகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்றது. அதே விவசாயிகள் குழுவை 2020இல் விரிவாக ஆராய்ந்தபோது அவ்வளவு தெளிவான தொடர்பு தெரியவில்லை. எனவே நிரூபணமாயிற்று என்று நான் எழுத மாட்டேன். ஆபத்தில்லை என்று சொல்லவும் அந்த ஆய்வுகள் போதா. டிராக்டரில் அமர்ந்து தெளித்தவரின் கணக்கைக் கொண்டு, ஒழுகும் பம்பைத் தோளில் போட்டு நடந்தவளை அளக்கலாகாது.

நம்மிடம் இல்லாதது கிண்ணமல்ல, பதிவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. மருந்தடித்தவர்கள் புந்தோங், குனோங் ராப்பாட், சுங்கை சிப்புட் என்று சிதறி, நோய் வழக்கமாகத் தலைகாட்டும் வயதை எட்டிவிட்டார்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. எல்லாப் பார்க்கின்சனும் மருந்தால் வந்ததுமல்ல. என்றாலும் ஈப்போவின் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும், கை நடுங்கி வரும் முதியவரிடம் சர்க்கரை உண்டா என்று கேட்பதுபோல, மருந்தடித்ததுண்டா, எந்த மருந்து, எத்தனை வருஷம் என்றும் கேட்டு நோயாளி அட்டையில் எழுத வேண்டும். பிள்ளைகளும் காத்திருக்க வேண்டாம். அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயர், வருஷங்கள், டின்னில் இருந்த மருந்தின் பெயர் மூன்றையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கொடுத்துவிடுங்கள்.