பார்த்த பானையா... தெரிஞ்ச பானையா?

ப்ளஸ் டூ வரைக்கும் கிளாஸ்ல நீங்கதான் ‘ஆர்ட்டிஸ்ட்’. பக்கத்து பெஞ்ச் பசங்களோட ரெக்கார்டு நோட்டுல தவளை வரைஞ்சு கொடுத்ததும் நீங்க... ஆண்டு விழாவுக்கு போர்டுல சாக்பீஸ் மயில் போட்டதும் நீங்க. கட்டம் போட்டு வரைஞ்ச ரஜினியைப் பார்த்துட்டு, ‘அப்படியே போட்டோ மாதிரியே இருக்கே’னு சொல்லாத சொந்தக்காரங்க கிடையாது. அந்தத் தெம்போட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலயோ, கும்பகோணத்துலயோ பி.எஃப்.ஏ. சேர்ந்தாச்சு. வாழ்த்துகள்!

முதல் ‘ஸ்டில் லைஃப்’ கிளாஸ். மேஜை மேல ஒரு பானை, ஒரு பாட்டில், கசங்கின துணி ஒண்ணு. ‘இவ்ளோதானா?’னு பத்தே நிமிஷத்துல முடிச்சுடுவீங்க. பின்னாடி வந்து நிக்கிற சார் கேட்பார் பாருங்க ஒரு கேள்வி... ‘‘இது நீ பார்த்த பானையா, உனக்குத் தெரிஞ்ச பானையா?’’

முதல் வருஷம் முழுக்க இந்த ஒரு கேள்விதாங்க! பானை வாய் வட்டம்னு நமக்குத் தெரியும். அதனால வட்டமாவே போட்டுடுறோம். ஆனா, உங்க ஸ்டூல்ல இருந்து பார்த்தா அது ஒடுங்கின நீள்வட்டம். நிழல் கறுப்புனு தெரியும். ஆனா, பக்கத்துல சிவப்புத் துணி இருந்தா அந்த நிழல்லயும் லேசா சிவப்பு ஏறியிருக்கும். போட்டோவைப் பார்த்து வரையறப்போ உங்களுக்குப் பதிலா கேமரா பார்த்து முடிச்சிருக்கும். இங்கே நீங்களேதான் பார்க்கணும்.

கையை முழுசா நீட்டி, ஒத்தைக் கண்ணை மூடி, பென்சில்ல கட்டைவிரலை நகர்த்தி அளக்கச் சொல்றது... பானைக்கும் பாட்டிலுக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்தை மட்டும் வரையச் சொல்றது... எல்லாம் இதுக்குத்தான். ரப்பரைத் தொடாதேனு சொல்றதும்கூட! தப்பான கோட்டை அழிச்சுட்டா, எவ்வளவு தள்ளிப் போயிருக்கோம்னு எப்படித் தெரியும்? அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துலயே சரியானதைப் போடுங்க.

அடுத்தது, மாடல் உட்கார்ற வகுப்பு. ஒரு பெரியவர் அசையாம உட்கார்ந்திருப்பார். கால் மரத்துப்போகும், மூக்குல ஈ உட்காரும். நீங்க பாட்டுக்கு கேன்டீன் கதை பேசிட்டே வரைஞ்சா, வீணாகுறது உங்க பேப்பர் மட்டுமில்ல, அவரோட உழைப்பும்தான். மெரினாவில் இருக்கிற உழைப்பாளர் சிலை, சென்னைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-ல் நிறுவப்பட்டது. அடுத்த தடவை பீச்சுக்குப் போனா, சுண்டலை ஓரமா வெச்சுட்டு, பாறையைப் புரட்டுற அந்த நாலு பேரோட முதுகையும் பாருங்க. பாரம் தள்ளுற உடம்பை உத்துப் பார்க்காத ஒருத்தரால அந்தத் தசைகளைச் செஞ்சிருக்க முடியுமா?

‘நான் பெயின்டிங் எடுக்கப்போறேன், எனக்கு எதுக்கு களிமண்ணு?’னு சிலர் க்ளே மாடலிங் கிளாஸை கட் அடிப்பாங்க. பண்ணாதீங்க பாஸ்! ஒரு மூக்கைச் சுத்தி வந்து நாலு பக்கமும் கையால பிடிச்சவனுக்குத்தான், பேப்பர்ல எந்த இடத்துல நிழல் விழும்னு புரியும். சாயங்காலம் கிளம்பும்போது களிமண் மேல ஈரச் சாக்கைப் போர்த்திட்டுப் போற பொறுமையும் அங்கேதான் வரும். மறந்தா, மறுநாள் வெடிச்சுப்போய் நிக்கும்.

சரி, இப்போ முக்கியமான விஷயம். ஆறாவது மாசம் வாக்குல ஒரு பயம் வரும். ‘எனக்கு வரையவே தெரியலையோ?’ வீட்டுலயும் அந்த நேரம் பார்த்து, ‘பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் சேர்ந்துட்டான்’னு ஆரம்பிப்பாங்க. சில பேர் பையைத் தூக்கிட்டுக் கிளம்புறது இந்த நேரத்துலதான். கொஞ்சம் பொறுங்க. உங்க கை மோசமாகலை. கண்ணு முன்னாடி ஓடிடுச்சு, கை இன்னும் பின்னாடி வந்துட்டிருக்கு. முன்னாடி உங்களுக்குத் தெரியாத தப்பெல்லாம் இப்போ தெரியுது. அதுதான் நீங்க கத்துக்கிட்டது!

எல்லா சாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க. ஒருத்தர் ‘அளந்து போடு’ம்பார். அடுத்த பீரியட்ல இன்னொருத்தர் ‘அளக்காம, தைரியமா கோடு போடு’ம்பார். குழம்பாதீங்க. அவர் கிளாஸ்ல அதைச் செய்யுங்க, இவர் கிளாஸ்ல இதைச் செய்யுங்க. கையெழுத்து மட்டும் போட்டுட்டு நகர்ற ஆசிரியர் எந்தக் கல்லூரியிலும் ஒருத்தராவது இருப்பார். அப்போ சீனியர்கள்கிட்ட ஒட்டிக்குங்க. ஸ்கெட்ச் புக்கோட எழும்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல போய் உட்காருங்க. தூங்குறவங்க, மூட்டை தூக்குறவங்க, டீ விக்கிறவங்கன்னு அத்தனை பேரும் உங்களுக்கு இலவச மாடல்கள்!

கடைசியா ஒண்ணு... அந்த முதல் பானையைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க. மூலையில தேதி எழுதி வையுங்க. வருஷக் கடைசியில அதே பானையை மறுபடி வரைஞ்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சார் கேட்ட கேள்விக்கு அன்னிக்கு உங்ககிட்ட பதில் இருக்கும்.