பழைய உழுபொறிக்கு வர்ணம் பூசுதல்

திருப்பதியில் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவருடைய தந்தையார் சித்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் கரும்பும் வேர்க்கடலையும் பயிரிட்டு வாழ்ந்தவர். அவர் கைப்பிடித்து ஓட்டிய பவர் டில்லர் ஒன்று மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் பல்லாண்டுகளாக நிற்கின்றது. எஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கின்றது, தகடுகளோ துருவேறிவிட்டன. பழைய இரும்புக்கு எடை போட்டுவிடலாம் என்பது தமையனாரின் எண்ணம். தம்பியாகிய இவரோ அதனைச் செப்பனிட்டு, ஆயுத பூசைக்குள் வர்ணம் பூசி, மீண்டும் வயலில் இறக்க விரும்புகின்றார். எந்தப் பிரைமர், எந்த வர்ணம் என்பதே அவர் கேள்வி. வீட்டில் சிறு பிள்ளைகள் இருவர் உளர் என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கின்றார். அவர் போகிற போக்கில் எழுதிய அச்செய்தியே எமக்கு முதன்மையாகப் பட்டது. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

மேனாட்டார் தோட்ட டிராக்டர் என்று கூறும் சிறு பொறிக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவு இந்தப் பவர் டில்லரே. 1967-ல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் தோன்றி ஜப்பானிய மிட்சுபிஷியாரின் தொழில் உதவியோடு இதனைச் செய்தது. 1973-ல் கேரள அரசின் காம்கோ நிறுவனம் தோன்றி, குபோட்டா அமைப்பில் செய்தது. பெரிய டிராக்டரைச் சொன்னால், சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் வண்டிகளை அறியாத உழவர் நம் பக்கத்தில் இலர். இவற்றுள் பழையன பல இன்றும் கொட்டகைகளில் நிற்கின்றன. ஆதலின் இவ்வினா ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

முதலில் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெலுங்கில் துருவைத் 'துப்பு' என்பர். சித்தூர்க் கடைத்தெருவில் நம்மவர் ஒருவர் அச்சொல்லைக் கேட்டுவிட்டு, எவனோ களவுக்குத் துப்புத் துலக்குகின்றான் என்று எண்ணுவாரானால் வியப்பில்லை. உண்மையில் துருவும் ஒரு துப்புத்தான். நீர் எங்கே தங்கியது, உப்பு எங்கே படிந்தது என்பதை அது காட்டிக் கொடுக்கும். வயற் பொறியில் நீரைவிடப் பெரும் பகை உரத்தின் உப்பு. பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பே. அது தகட்டின் மடிப்பில் தங்கிவிட்டால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த வர்ணம் பூசினாலும், உப்பு ஈரத்தை உள்ளிழுத்துப் பூச்சைக் கொப்புளமாக எழுப்பிவிடும். புளித்த கருப்பஞ்சாறும் அமிலமாகி இரும்பை அரிக்கும். 2021 நவம்பரில் திருப்பதியிலும் சுற்றுப்புறத்திலும் வந்த வெள்ளத்தில் மூழ்கிய பொறியாயின், மடிப்புகளில் வண்டல் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே வேலை தொடங்குவது உப்புத்தாளில் அன்று. நல்ல தண்ணீரிலும் சோப்புத் தூளிலும். மண்ணெண்ணெய் கொண்டு கிரீசைத் துடைப்பது நன்றே. ஆயினும் மண்ணெண்ணெய் தானும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுச் செல்லும். அதன் பின்னர்ச் சோப்பு நீரால் ஒருமுறை, வெறும் நீரால் இருமுறை கழுவி, வெயிலில் உலர்த்துக.

இனிப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் ஈயக் குரோமேட் என்னும் நிறப்பொருள் தாராளமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அடிப்பூச்சாக ஈயச் செந்தூரம் பூசும் வழக்கமும் இருந்தது. அது துருவைத் தடுப்பதில் நிகரற்றதுதான். எனினும் ஈயம் ஈயமே. சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். கெடுத்ததை மீட்க வழியில்லை. இந்திய அரசு 2016-ல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. தொழிற்சாலைப் பயனுக்கென விற்கப்படும் வர்ணங்கள் அவ்விதியின் எல்லைக்குள் வரா. ஆதலால் புதிய டப்பா வாங்கும்போதும் அதன் மேல் ஈயம் சேராதது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டா. ஊதுவிளக்கால் எரித்தெடுப்பதும் தகாது; ஈயம் புகையாகி மூச்சில் ஏறும். நீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கொண்டு ஈரமாகவே தேய்க்க. கீழே பழைய தார்பாலின் ஒன்றை விரித்து, விழும் சேற்றை ஈரத் துணியால் ஒற்றி எடுக்க. துடைப்பத்தால் பெருக்கலாகாது. முகத்துக்குத் துகள் தடுக்கும் நல்ல மூடி அணிக, கைக்குட்டை போதாது. அந்த உடையோடு வீட்டுக்குள் சென்று குழந்தையைத் தூக்குதல் கூடாது. மற்றொன்று: பொறி நிற்குமிடம் மாட்டுக் கொட்டில் என்கின்றார் அன்பர். வர்ணச் சிம்புகளை மாடு நக்கித் தின்னும். ஈய நஞ்சால் கறவை மாடுகள் மடிந்த செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்துள்ளன. வேலை முடியும்வரை பொறியையோ மாட்டையோ இடம் மாற்றுக. திரட்டிய சேற்றைக் கிணற்றோரத்திலும் எருக்குழியிலும் கொட்டாது, மூடிய டப்பாவில் அடைத்து வைக்க.

உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்த பின்னரும் குழிகளில் கருஞ்செம்மையாகத் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்குத் துரு மாற்றி என்றொரு திரவம் விற்கின்றார்கள். அதன் உட்பொருளான டானிக் அமிலம் நம்மவர்க்குப் புதிதன்று. கடுக்காய்த் துவர்ப்போடு அன்னபேதியைச் சேர்த்துக் கருப்பு மை காய்ச்சிய நாட்டினர் நாம். துவர்ப்பும் இரும்பும் கூடினால் கருப்பாகும் என்னும் அதே வினைதான் இங்கும் நிகழ்கின்றது. கடையில் விற்பதில் படலமாக இறுகும் பிசின் ஒன்றும் கலந்திருக்கும். ஆதலின் கடுக்காய்ச் சாற்றை மட்டும் தடவிவிட்டுச் சும்மா இருந்துவிடுதல் பயன் தராது. மெல்லிய துரு மீதுதான் இது வேலை செய்யும். அடை அடையாக இருக்கும் துருவில் மேற்பரப்பு மட்டும் கருக்கும், உள்ளே அரிப்புத் தொடரும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு நீக்கியைப் பயன்படுத்துவோர் அதனைப் பின்னர் நன்கு கழுவி எடுத்தல் வேண்டும். அமிலம் எஞ்சிய இடத்தில் எப்பாக்ஸி சரிவர இறுகாது.

இனிப் பிரைமர். கடைக்காரர் கேளாமலே எடுத்து நீட்டுவது ரெட் ஆக்சைடு. விலை குறைவு, தூரிகையால் பூசலாம், இரும்பில் நன்கு பிடிக்கும். ஆயினும் பலர் செய்யும் தவறு, ரெட் ஆக்சைடு பூசியதோடு வேலை முடிந்தது என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பது. அப்பூச்சு நுண்துளை உடையது, ஈரத்தைக் குடிக்கும். கிராமத்துக் கதவுகளிலும் கிராதிகளிலும் காவி நிறத்தோடு நின்று, ஓராண்டில் காவியே துருவாகிவிடும் காட்சியை யாவரும் கண்டிருக்கின்றோம். பூசிய சில நாட்களுக்குள் மேற்பூச்சு ஏறிவிட வேண்டும்.

அலுமினிய வார்ப்புகளுக்கு ரெட் ஆக்சைடு ஏற்றதன்று, அங்கே உரிந்துவிடும். துத்தநாகம் பூசிய தகட்டிலோ எண்ணெய் வழி வர்ணங்கள் துத்தநாகத்தோடு கூடிச் சோப்புப் போன்ற ஒரு பொருளாகி நழுவும். இவ்விடங்களுக்கு முன்னெல்லாம் மஞ்சள் நிறத் துத்தநாகக் குரோமேட் பிரைமரைச் சொல்வார்கள். யாம் அதனைச் சொல்லமாட்டோம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் விளைப்பது. அதன் கேட்டை அறியத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் எல்லைக்கு அப்பால் இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து, அவ்வட்டாரத்து நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு பாலாற்றங்கரையில் பலர் அறிந்தது. இன்று துத்தநாகப் பாஸ்பேட் சேர்ந்த எப்பாக்ஸி பிரைமர் கிடைக்கின்றது. இரண்டு டப்பாக்களாக வரும். கலந்த பின் சில மணி நேரமே உயிரோடிருக்கும். இரும்பு, அலுமினியம் இரண்டிலும் பிடிக்கும், ஈரத்தை அண்டவிடாது. வெயில் பட்டால் மட்டும் சுண்ணாம்புபோல் மாப்படியும். ஆதலால் இதற்கும் மேற்பூச்சு இன்றியமையாதது. டப்பாவில் குறித்துள்ள காலம் கடந்து மேற்பூச்சுப் பூசுவதாயின், மேற்பரப்பை உப்புத்தாளால் சிறிது கீறிவிட்டே பூசுக.

நம் அன்பருக்கு எமது கருத்து இது: அரித்துப்போன தகடுகளுக்கும் அலுமினிய வார்ப்புக்கும் எப்பாக்ஸி, கைப்பிடிக் குழாய், தாங்கு சட்டம் முதலிய நல்ல இரும்புக்கு ரெட் ஆக்சைடே போதும். குழி நிரப்பும் பட்டியை, இங்கே 'லப்பம்' என்பார்கள், வெறும் துருவின் மேல் ஒருபோதும் அப்பலாகாது. பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர் என்பதே முறை.

மேற்பூச்சில் மூன்று வகை உண்டு. தின்னரில் கரையும் என்.சி. வர்ணம் விரைந்து உலரும். டீசல் சிந்தினால் தாங்கும் ஆற்றலும், வெயிலைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. சிந்தெடிக் எனாமல் டர்பண்டைனில் இளகும், தூரிகைக்கு இணங்கும், பின்னாளில் கீறல் விழுந்த இடத்தை மட்டும் வீட்டிலேயே தொட்டுப் பூசிக்கொள்ளலாம். இரண்டு டப்பா பாலியுரிதேன் மிகப் பளபளப்பானது, டீசலுக்கும் அஞ்சாது. ஆனால் அதன் இறுக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அதனைத் தெளிக்கும்போது மூச்சில் ஏறினால் ஆஸ்துமா வரும். ஒருமுறை வந்தவருக்குப் பின்னர்ச் சிறிதளவு பட்டாலும் மீண்டும் வரும். வெளியிலிருந்து காற்றுக் குழாய் வழியாக மூச்சுக் காற்றுப் பெறும் முகமூடி இல்லாதார் அதனைத் தெளிக்கலாகாது. தெருவோரப் பட்டறைகளில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தெளிக்கும் இளைஞரைக் கண்டு நாம் வருந்துவதுண்டு. வயலுக்குப் போகும் பொறிக்குக் கண்ணாடிப் பளபளப்பு எதற்கு? எனாமலே சாலும். டீசல் தொட்டிக்கு மட்டும் பாலியுரிதேன் வேண்டுமென்று தோன்றினால், அதனைக் கழற்றித் தக்க பட்டறையில் கொடுத்துப் பூசி வாங்குக.

எஞ்சிய பழைய பூச்சு எவ்வகை என்று அறிய, தின்னரில் நனைத்த துணியால் மறைவான இடத்தில் தேய்த்துப் பார்க்க. கரைந்து துணியில் வந்தால் என்.சி.; சுருங்கி எழுந்தால் எனாமல்; அசையாதிருந்தால் சூட்டில் இறுக்கியதோ இரண்டு டப்பா வகையோ ஆகும். எனாமலின் மேல் தின்னர் மிகுந்த வர்ணத்தைத் தெளித்தால், அடிப்பூச்சு முழுவதும் முதியவர் தோல்போல் சுருங்கிவிடும்.

புகைக்குழாய்க்கு இவற்றுள் எதுவும் ஆகாது; எரிந்து உதிரும். சூடு தாங்கும் சிலிக்கோன் அலுமினிய வர்ணத்தை அடிப்பூச்சின்றிச் சுத்த இரும்பின் மேல் மெல்லியதாகப் பூசி, எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி இறுகச் செய்தல் வேண்டும். மண்ணைக் கிளறும் கத்திகளுக்கு வர்ணமே வேண்டா. நிறம் பொருத்துவதற்குத் தொட்டி மூடியின் அடியிலோ பெயர்த் தகட்டின் பின்னாலோ வெயில் படாத துண்டு ஒன்றைக் கண்டெடுத்துக் கடையில் காட்டுக. கணினி கொண்டு கலந்து கொடுப்பார்கள். பெயர்த் தகட்டை முன்னமே கழற்றி வைத்துவிடுக. டிராக்டர் வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: பதிவுச் சான்றில் நிறமும் எழுதப்பட்டிருக்கும். வேறு நிறத்துக்கு மாறுவதாயின் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

காலமும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் திருப்பதியில் நிழலிலேயே நாற்பது பாகையைத் தாண்டும்; வெயிலில் நிற்கும் தகட்டில் தூரிகை இழுபடாது, பூச்சு மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் நூற்றுக்கு 85-க்கு மேலிருந்தாலும், தகட்டில் பனி படியும் நிலை இருந்தாலும் பூசலாகாது. ஆடியின் பிற்பகுதியிலும் ஆவணியிலும் மழையில்லாத நாட்களைத் தேர்ந்து, காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை நிழலில் பூசுவது உத்தமம். லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய பத்துச் சதுர மீட்டருக்கு வரும். பவர் டில்லருக்கு இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டரே மிஞ்சும். தடிப்பாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு மேல். இடையில் ஓர் இரவாவது உலரவிடுக.

ஆயுத பூசைக்கு முதல் நாள் பூசி மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. எனாமல் தொடுகைக்கு ஆறு மணி நேரத்தில் உலர்ந்தாலும் முற்றும் இறுக ஒரு வாரமேனும் ஆகும். பச்சைப் பூச்சில் வைத்த குங்குமக் கறை நீங்காது. பூசைக்குப் பதினைந்து நாள் முன்னரே கடைசிப் பூச்சை முடித்துவிடுக. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிய பின் தெறித்த சாற்றை அன்றே நீர்விட்டுக் கழுவிவிடலாம். மிஞ்சிய வர்ணத்தை மூடி இறுக அடைத்து, எந்தப் பகுதிக்கு எந்த நாளில் பூசியது என்று டப்பாவின் மேல் எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைக்க.