படகு தனி, கடல் பொது: பங்-நா பயணத்தில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

தாய்லாந்தின் பங்-நா விரிகுடாவுக்குத் தனி யாட் எடுப்பவர்கள் அறை, சாப்பாடு, வாடகை பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். ஆனால் அங்கே பயணத்தைத் தீர்மானிப்பது கடல்தான்.

அலை அடங்கியிருப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதன்பின் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் நடுவே ‘ஹாங்’ எனப்படும் நீர்நிலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் குகை வழியே கயாக்கில் போகலாம்; கடல் ஏறிவிட்டால் வாசல் அடைபடும். கடல் ஏறி இறங்கும் நேரம் பார்க்காமல் போடும் திட்டம் வீண்.

‘காசு கொடுத்தாச்சு, நினைச்ச இடத்துல நிறுத்தலாம்’ என்ற எண்ணம்தான் ஆபத்து. நங்கூரம் விழும் இடத்தில் பவளப்பாறை நொறுங்கும். கூட்டத்தாலும் படகுகளாலும் சீரழிந்த பீபீ தீவுகளின் மாயா விரிகுடா, 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போது படகுகளுக்கு அதற்குள் அனுமதியில்லை. தீவின் பின்பக்கம் இறங்கி நடக்க வேண்டும். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்தன. கெடுபிடிக்குக் கிடைத்த பலன் அது.

எனவே, முன்பணம் கட்டும் முன் படகுக்காரரிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: ‘நங்கூரம் போடுவீங்களா, மிதவையில கட்டுவீங்களா?’ பதில் மழுப்பலாக இருந்தால், வேறு படகு பார்ப்பதே நல்லது.