பிஸ்டல் வேணுமா, தெருவிளக்கு வேணுமா?



"வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் பிஸ்டல் எது வாங்கலாம் ப்ரோ? க்ளாக் ஓகேவா?" இந்தக் கேள்வி இப்ப நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப்ல சர்வசாதாரணமா வருது. அமெரிக்காக்காரன் போடுற வீடியோவைப் பார்த்துட்டுக் கேக்குறாங்க. ரீல்ஸாலயே பேர் வாங்குன ஊர் கூமாப்பட்டி, அதனால வீடியோ பார்த்து ஆசைப்படுறவங்களை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல.

ஏன்னா அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்குற பயம் உண்மை. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்டுல ஒரே குடும்பத்துல 3 பேரை வெட்டிக் கொன்னாங்க. 2025-ல சிவகிரி பக்கத்துல இதே மாதிரி ஒரு தோட்டத்து வீட்டுல வயசான தம்பதி கொலை. (நம்ம பக்கத்து சிவகிரி இல்லை, ஈரோடு மாவட்டத்து சிவகிரி.) அதுக்கு அப்புறம் தோட்டத்து வீடுகளுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. பிளவக்கல் அணைக்குப் போற வழியில இருக்குற தென்னந்தோப்பு வீடுகளை நினைச்சுப் பாருங்க. மகன் திருப்பூர்ல, மகள் சென்னையில, தோப்புல அப்பாவும் அம்மாவும் மட்டும். அவங்களுக்கு என்ன பாதுகாப்புன்னு கேக்குறது நியாயமான கேள்வி. பிஸ்டல்ங்கிற பதில்தான் தப்பு.

முதல்ல சட்டத்தைப் பாருங்க. நம்ம நாட்டுல துப்பாக்கி வச்சிருக்குறது உரிமை கிடையாது, அனுமதி. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் இதுக்கு அடிப்படை. 21 வயசு முடிஞ்சிருக்கணும். மாவட்டத்துல கலெக்டர், மாநகரத்துல போலீஸ் கமிஷனர் லைசென்ஸ் தரணும். போலீஸ் விசாரணை ரிப்போர்ட் வரணும். துப்பாக்கியைப் பத்திரமா எங்க வைப்பீங்கன்னு உறுதி கொடுக்கணும். கையாளுற பயிற்சி எடுத்ததுக்குச் சான்றிதழ் வேணும்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. சட்டத்தோட 13-வது பிரிவு, பாதுகாப்புக்குக் கேட்டா 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள பழைய 12 போர் மாதிரித் துப்பாக்கிக்குத்தான் கொஞ்சம் எளிதா வழி விடுது. கைத்துப்பாக்கிக்கு "தகுந்த காரணம்" காட்டணும். தொழில் காரணமாவோ வேற வகையிலோ உயிருக்கோ சொத்துக்கோ நிஜமான தேவை இருக்குன்னு நிரூபிக்கணும். "பயமா இருக்கு சார்"ங்கிறது போதாது. மறுத்தா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும், மேல்முறையீடும் உண்டு. நிஜமாவே மிரட்டல் இருக்குறவங்க அந்த வழியைத் தாராளமா பயன்படுத்துங்க.

க்ளாக் கனவு இங்கயே முடிஞ்சிடும். அதுல பிரபலமானது 9 எம்.எம். அது இங்க சாமானியருக்குத் தடை செஞ்ச ரகம். லைசென்ஸ் கிடைச்சவங்க வழக்கமா வாங்குறது பாயிண்ட் 32 ரிவால்வரோ பிஸ்டலோதான். 2014-ல கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்காகன்னு சொல்லி 'நிர்பீக்' ரிவால்வர் கொண்டு வந்துச்சு. எடை அரை கிலோ, விலை அப்பவே சுமார் 1,22,000 ரூபாய். தோப்புல தேங்காய் வெட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது ஒரு வருஷ சேமிப்பு கூட இல்லை, அதுக்கும் மேல. புதுசா வாங்குறவருக்கு ரிவால்வரா பிஸ்டலான்னு கேட்டா, நான் ரிவால்வர்னுதான் சொல்வேன். உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு திறந்தா கண்ணுக்குத் தெரியும். ஆனா இந்தப் பதிலுக்கு நம்ம ஊர்ல ஆயிரத்துல ஒருத்தருக்குக் கூட உபயோகம் இருக்காது.

இடுப்புல சொருகிட்டுச் சுத்துற ஆசை இருக்குறவங்களுக்கு ஒரு தகவல். பொது இடத்துல கொண்டு போனா உறைக்குள்ள, வெளிய தெரியாம, உங்க முழுக் கட்டுப்பாட்டுல இருக்கணும். எடுத்துக் காட்டுனாலே விதிமீறல். கல்யாணத்துல வானத்தைப் பார்த்துச் சுட்டா 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இது 2019 திருத்தம். அதே திருத்தத்துலதான் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைன்னு ஆக்குனாங்க. "பீகார் சரக்கு இருக்கு, வேணுமா"ன்னு எவனாவது மெசேஜ் அனுப்புனா, அவன் விக்கிறது உங்க ஜெயில் டிக்கெட்டைத்தான்.

இப்ப முக்கியமான கணக்கு. 2024 மார்ச் 16-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிச்சாங்க. ரிசல்ட் வந்தது ஜூன் 4. மொத்தம் 80 நாள். தேர்தல்னா லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றது வழக்கம். விலக்கு கேக்கலாம், மாவட்டக் குழு முடிவு பண்ணும். விலக்கு கிடைக்கலேன்னா திருடனுக்கு பயந்து லட்ச ரூபாய்க்கு வாங்குன பொருள் அவ்வளவு நாளும் ஸ்டேஷன் ரூம்ல தூங்கும். சட்டமன்றம், உள்ளாட்சின்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கதை.

சரி, துப்பாக்கி வீட்டுலயே இருக்குன்னு வச்சுக்குவோம். ராத்திரி 2 மணி. பீரோவுல பூட்டி வச்சா எடுக்க நேரம் இருக்காது. தலையணைக்கு அடியில வச்சா பேரன் கையில கிடைக்கும். 70 வயசு அப்பா கண்ணாடியைத் தேடி, இருட்டுல குறி பார்த்து, வந்தது திருடனா, தண்ணி பாய்ச்ச வந்த பக்கத்துத் தோப்புக்காரரான்னு ஒரு நொடியில முடிவு பண்ணணும். பாரதிய நியாய சன்ஹிதா 41-வது பிரிவு, இரவுல வீட்டை உடைச்சு நுழையுறவனை எதிர்க்கும்போது உயிர் போனாலும் தற்காப்புன்னு ஏத்துக்குது. ஆனா தேவைக்கு மேல தாக்கினா அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓடுறவன் முதுகுல சுட்டுட்டு "தற்காப்பு"ன்னு கோர்ட்டுல நிக்க முடியாது.

திருடன் வர்ற ராத்திரி வாழ்க்கையில ஒண்ணு இருக்கலாம், வராமலும் போகலாம். குடிச்சிட்டு வர்ற ராத்திரி, சொத்துத் தகராறு, கடன் நெருக்கடி, இதெல்லாம் எத்தனை வீட்டுல எத்தனை நாள்? நிறைய வீட்டுல துப்பாக்கி இருக்குற அமெரிக்காவுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. அந்த வீடியோவுல இதைச் சொல்ல மாட்டாங்க.

"காட்டுப்பன்றிக்காகவாவது வேணும்"னு நம்ம விவசாயிங்க கேப்பாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் நம்ம தோப்பு ஓரத்துலதான் இருக்கு, கஷ்டம் தெரியும். ஆனா 2025 ஜனவரியில அரசு சொன்ன விதிப்படி காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, 3 கிலோமீட்டர் வரை பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கு மேலதான் வனத்துறை சுடும். விவசாயி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல லைசென்ஸ் துப்பாக்கிக்காரங்களை வச்சு உள்ளாட்சித் தலைவர் மூலமா 2022-லயே வழி பண்ணிட்டாங்க. இங்கயும் அதைக் கேக்கலாம், கேக்கணும். ஆனா பன்றிக்கு எதிரா பாயிண்ட் 32 ரிவால்வர் வெறும் சத்தம்தான்.

அதனால தோழர்களே, பிஸ்டல் பேரைத் தேடுற நேரத்துல இந்த வேலையைச் செய்வோம். உங்க வார்டுல எந்தத் தோப்புப் பாதையில விளக்கு இல்லை, எந்த வீட்டுல வயசானவங்க தனியா இருக்காங்க, அங்க செல்போன் டவர் எடுக்குதா, ராத்திரி ரோந்து வண்டி கடைசியா எப்ப வந்துச்சு? நாலையும் எழுதுங்க. பேரூராட்சிக்கு ஒரு மனு, கூமாப்பட்டி காவல் நிலையத்துக்கு ஒரு மனு, ரெண்டுக்கும் ரசீது வாங்குங்க. தனியா இருக்குற அப்பா அம்மா போன்ல 'காவல் உதவி' ஆப்பை நீங்களே ஏத்தி, 100-ஐ எப்படி அழுத்தணும்னு ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க. ரசீதை போட்டோ எடுத்து கிளைச் செயலாளருக்கு அனுப்புங்க. 30 நாள்ல பதில் வரலேன்னா சேர்ந்தே போய்க் கேப்போம்.